டேப் மெஷினுக்கு இட்ட திருநீறு

என் வீட்டுக்காரர் வேலை பார்த்த இடத்தை நான் ஒரே ஒரு நாள்தான் நேரில் பார்த்தேன். அது ஆயுத பூஜை நாள்.

எண்பதுகளில் கொடைக்கானலில் மழையையும் மேகத்தையும் அளக்கிற ஓர் ஆராய்ச்சி ஆபீசில் அவர் தினக்கூலியாக இருந்தார். அளந்ததெல்லாம் டேப்பில் ஏறியிருக்கும். டேப் என்றால் பாட்டுக் கேசட் இல்லை. தோசைக்கல் அகலத்துக்கு ஒரு வட்டு, அதில் சுற்றிய பழுப்பு நாடா. கம்ப்யூட்டருக்கு எந்த வட்டு வேண்டுமோ அதை அலமாரியிலிருந்து எடுத்து வந்து, மெஷினைத் திறந்து, உள்ளே இருக்கிற உருளைகளைத் துணியால் துடைத்து, நாடாவின் நுனியை விரலால் கோத்துவிடுவார். “வண்டியில மாடு பூட்டுற மாதிரிதான் புள்ள. பூட்டணும், அவுக்கணும், அம்புட்டுத்தான்” என்பார்.

அவர் சிலோனில் தேயிலைத் தோட்டத்துக் கூலி ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவர். கப்பலில் வந்த குடும்பம். ஆபீசரை வாய் தவறாமல் ‘தொரை’ என்றுதான் கூப்பிடுவார். கூட வேலை பார்த்தவர்கள், “ஏலே சிலோன், தொரையெல்லாம் கப்பலேறிப் போயிட்டாக. இவரு நம்ம ஊரு ஆபீசரு” என்று சிரிப்பார்கள். இவரும் சேர்ந்து சிரித்துவிட்டு, மறுபடியும் தொரை என்பார்.

அந்த வருஷம் தீபாவளிக்குள் அவருக்கு வேலை நிரந்தரமாகும் என்று சொல்லியிருந்தார்கள். நிரந்தரமானால், ஆபீசுக்குப் பின்னால் இருந்த ஓட்டு வீடுகளில் ஒன்று எங்களுக்குக் கிடைக்கும். நாங்கள் இருந்தது தகரக் கொட்டகை. மஞ்சு இறங்கினால் சுவரெல்லாம் வேர்க்கும். எங்கள் மகளுக்கு இளைப்பு. ஐப்பசி பிறந்துவிட்டால் அவள் படுக்க மாட்டாள், உட்கார்ந்தபடியே மூச்சுக்குப் போராடுவாள். ஈரமில்லாத சுவர் வேண்டும் என்று கேட்டுத்தான் தைப்பூசத்துக்கு நான் பழனிக்கு நடந்து போனேன். அங்கிருந்து கொண்டுவந்த திருநீற்றை ஒரு டப்பாவில் போட்டு, நல்ல காரியத்துக்கென்று வைத்திருந்தேன்.

பூஜைக்குக் கொஞ்ச நாள் முன்புதான் ஆபீசுக்குப் புது டேப் மெஷின் வந்திருந்தது. பூஜையன்று குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்ததால் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் எங்களை அந்த மெஷின் முன்னால் நிறுத்தி வைத்துப் பெருமையோடு சொன்னார்: “இதுக்குக் கோக்கவே வேண்டாம் புள்ள. வட்டை வாயில வச்சுக் கதவச் சாத்துனாப் போதும். காத்த உறிஞ்சி, நுனியத் தானே தேடிப் புடிச்சுச் சுத்திக்கிரும். வெரசா முடிஞ்சிரும்.”

“அப்ப ஒங்களுக்கு என்ன சோலி?” என்றேன்.

“வாயில வைக்க ஆளு வேணும்ல!”

மெஷினைப் பொருத்திக் கொடுத்த இன்ஜினியர் அங்கே பீடி ஆகாது, டீ கிளாஸ் ஆகாது, தூசி ஆகவே ஆகாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதனால் செருப்பை வாசலிலேயே விட்டோம். சூடம் காட்டியதுகூட அறைக்கு வெளியேதான். பிறகு எல்லோரும் உள்ளே வந்து மெஷினுக்கு ஆளுக்கொரு பொட்டு வைத்தார்கள். ஆபீசர் பக்திமான். என் டப்பாவிலிருந்து எடுத்துத் தன் நெற்றியில் பட்டையாக இட்டுக்கொண்டு, “பழனித் திருநீறா? புது மெஷினுக்கு நல்லாப் பூசி விடுய்யா” என்றார். இவரும் அந்த மெஷின் கதவுக்கு மேலே மூன்று விரலால் அழுத்திப் பட்டை போட்டார். பழைய மெஷினுக்கும் வருஷா வருஷம் போட்டதுதான். திருநீற்றைத் தூசி என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இப்போதும் அந்த வார்த்தையை அதற்குச் சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது.

பூஜை முடிந்து ஆபீஸ் திறந்த அன்று, மதுரையிலிருந்து வந்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த பெண் ஒரு வட்டைக் கொடுத்தாள். ஒரு மழைக்காலம் முழுக்க அவள் அளந்து சேர்த்தது. அதற்கு வேறு நகல் இல்லை. நகல் எடுக்கத்தான் கொடுத்தாள். இவர் அதை மெஷின் வாயில் வைத்துக் கதவைச் சாத்தினார். மெஷின் உறிஞ்சியது. கதவு இடுக்கில் காய்ந்து உதிர்ந்து கிடந்த திருநீறும் காற்றோடு உள்ளே போய், நாடாவோடு நாடாவாகச் சுற்றிக்கொண்டது. பழைய மெஷினாக இருந்தால் துடைக்கும்போது துணியில் வந்திருக்கும். இதில் கைக்கே வேலை இல்லையே. கீச்சென்று சத்தம் கேட்டு நிறுத்திப் பார்த்தபோது நாடா நீளத்துக்கும் கீறல். அந்தப் பெண் அழவில்லையாம். கீறின நாடாவை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக உட்கார்ந்திருந்தாளாம்.

மேலாபீசுக்குப் பதில் சொல்ல வேண்டும். யார் பூசினது என்று ஆபீசர் கேட்டதற்கு, பொட்டு வைத்தவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். இவர்தான், “நாந்தான் தொரை. வெளியதான் பூசுனேன், அது இழுத்துக்கிருச்சு” என்றார்.

இவரை வேலையை விட்டு அனுப்பப் போகிறார்கள் என்று தெரிந்ததும் அந்தப் பெண் ஆபீசரிடம் போய், “சார், நீங்களும்தான சொன்னீங்க. அவரை மட்டும் ஏன் அனுப்பறீங்க?” என்று கேட்டாளாம். தன் உழைப்பு போன துக்கத்திலும் அவள் கேட்டாள். அவள் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

“பூசத்தாம்மா சொன்னேன். உள்ளே போகவா சொன்னேன்?” என்றிருக்கிறார் ஆபீசர். அப்போதும் அவர் நெற்றியில் திருநீறு இருந்ததாம். பிறகு இவரிடம், “இனி நீ வர வேண்டாம்யா” என்று சொல்லிவிட்டார்.

இவர் பூம்பாறைப் பக்கம் பூண்டுக் காட்டுக்குக் கூலிக்குப் போக ஆரம்பித்தார். வெள்ளனே பஸ் ஏறினால் இருட்டித்தான் வருவார். எங்களுக்குச் சொன்ன ஓட்டு வீட்டில் வேறு யாரோ குடியேறினார்கள். ஐப்பசி மழை பிடித்தது. மகளின் உதடு நீலம் பாய்ந்த அன்று, இந்தக் குளிரும் ஈரமும் இவளுக்கு ஆகாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். மலைக்குக் கீழே வத்தலக்குண்டில் இருக்கிற என் அக்காவிடம் அவளை விடுவதென்று முடிவு செய்தோம்.

புறப்படும் முன் சாமி படத்துக்கு முன்னால் நின்று டப்பாவைத் திறந்தேன். என் கை வரவில்லை. முருகா, உன்னிடம் ஒரு சுவரைத்தானே கேட்டேன் என்றே மனசு சொல்லிக்கொண்டிருந்தது. அந்த வேலை போனதிலிருந்து திருநீற்றைத் தொடாமல் இருந்த மனுஷன், என் கையிலிருந்து டப்பாவை வாங்கினார்.

“மூச்சப் புடிச்சுக்கத்தா” என்றார் மகளிடம்.

“ஏம்ப்பா?”

“உள்ள போயிரப்படாது.”

இடது கையால் அவள் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு, வலது கையால் மெதுவாக, அழுத்தாமல், ஒற்றை விரலால் இட்டார். மிச்சம் உதிர்ந்ததை ஊதிவிடவில்லை, தன் துண்டால் ஒற்றி எடுத்தார். பிறகுதான் கையை எடுத்தார். அவள் இழுத்து மூச்சு விட்டாள். விசில் மாதிரி அந்தச் சத்தம். அதைக் கேட்டுக்கொண்டே பஸ்ஸுக்கு நடந்தோம்.