பொட்டு வைத்த துப்பாக்கி

1931இல் கிள்ளானுக்குப் பக்கத்துத் தென்னந்தோட்டம் ஒன்றில் நாகையாவுக்கு அணில் சுடும் வேலை. சிரிக்காதீர்கள், இளங்காய்களை அணில்கள் கொறித்துத் தள்ளுகிற இடத்தில் அது பெரிய உத்தியோகம். தோட்டத்துச் சின்ன ரைபிள் அவர் வீட்டில்தான் இருக்கும். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் நடக்கிற நடைக்கு வெள்ளைக்காரத் துரையே ஒதுங்கி வழிவிட வேண்டும்.

ஆயுத பூஜைக்குப் பிறகு அந்த நடை காணாமல் போயிற்று. சுட்டது ஒன்றும் அணில்மேல் படவில்லை. குறி பார்த்தால் குழலின் நுனி மொத்தையாக, மங்கலாகத் தெரிந்தது. கண் போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டார் நாகையா. கண் போனால் வேலை போகும். குடியிருப்பது தோட்டத்து வீடு, அதுவும் போகும். மனைவி பவுனம்மாளிடம் சொல்ல வாய் வரவில்லை. தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி வேறு, "என்னாங்க நாகையா, அணிலெல்லாம் உங்க சொந்தக்காரனுங்களா?" என்று கேட்டுவிட்டார்.

அந்த நேரத்தில்தான் பிரிக்பீல்ட்ஸிலிருந்து அக்கா மகள் தங்கமணி தீபாவளிக்கு வந்து இறங்கினாள். "எனக்கும் சுடச் சொல்லிக்குடுங்க மாமா" என்று ஒரே நச்சரிப்பு. நாகையாவுக்கு ஒரு யோசனை வந்தது. இவள் சுட்டுக் குறியில் பட்டால் கோளாறு தன் கண்ணில், படாவிட்டால் துப்பாக்கியில். முதல் தடவை சுடுகிறவளுக்குப் படாமல் போவது இயல்புதானே என்பது பாவம், மனிதருக்குத் தோன்றவேயில்லை. பயம் வந்தால் புத்தி அவ்வளவுதான் ஓடும்.

காலையில் மண்மேட்டுக்கு முன்னால் ஒரு கட்டையை வைத்து, அதன்மேல் மண் நிரப்பிய பால் டின்னை நிறுத்தினார்.

"தோள்ல நல்லா பதிச்சுக்க. மூச்சைப் பிடி. விரலை மெதுவா இழு, அவசரம் வேணாம்லா."

வாய் இப்படிச் சொன்னதே தவிர, மனசு பத்துமலை முருகனிடம் வேறு கேட்டுக்கொண்டிருந்தது: படக்கூடாது, படக்கூடாது. எந்தத் தாய்மாமனும் வேண்டாத வேண்டுதல்.

வெடித்தது. டின்னுக்குக் கீழே கட்டையில் சில்லு பறந்தது. "பலே!" என்று துள்ளினார் நாகையா.

தங்கமணிக்கு அழுகையே வந்துவிட்டது. "படலைன்னா துள்ளுறீங்களே மாமா! நுனியில என்னமோ மொத்தையா ஒட்டியிருக்கு. அதை வச்சுக்கிட்டு எப்படிச் சுடுறது?"

நாகையா துப்பாக்கியை வாங்கி நுனியைக் கண்ணருகே கொண்டுபோனார். குறி பார்க்கிற சின்ன முள்ளின்மேல் சந்தனம், அதன்மேல் குங்குமம், காய்ந்து கட்டியாக இருந்தது. ஆயுத பூஜையன்று பவுனம்மாள் துப்பாக்கியின் அடிக்கட்டையில் ஒன்று, நடுவில் ஒன்று, நுனியில் ஒன்று என்று தாராளமாகப் பொட்டு வைத்திருந்தாள். பூஜைப் பொட்டைத் துடைக்கக்கூடாது, தானாக உதிரட்டும் என்று சட்டம் போட்டவர் இவரேதான்.

கன்னத்தில் போட்டுக்கொண்டு, நகத்தால் மெல்லச் சுரண்டினார். வந்த சந்தனத்தைக் கீழே போட மனமில்லாமல் தங்கமணியின் நெற்றியில் வைத்துவிட்டார்.

"இப்ப சுடும்மா."

மறுபடி வெடித்தது. டின் அசையவில்லை. "போங்க மாமா, இப்பவும் படலை" என்று துப்பாக்கியை நீட்டினாள்.

"பட்டிருக்கு புள்ள! வலது ஓரத்துல, விளிம்புக்குக் கீழே. போய்ப் பாரு."

தங்கமணி ஓடினாள். வலது ஓரத்தில், விளிம்புக்குக் கீழே, மிளகு அளவில் ஓர் ஓட்டை. "இங்க கிட்ட வந்தாத்தான் தெரியுது! அங்கேருந்தே எப்படி மாமா பார்த்தீங்க?"

நாகையா நின்ற இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.