என் தொடையில் முளைத்த எலும்பும் டொக்டர் மனோகரியும்

வவுனியாவிலிருந்து வந்த லொறிக்காரர் உரமூட்டையை இறக்கும்போதே சொல்லிவிட்டார்: "அண்ணை, எங்கட டொக்டர் அம்மா விடிய மோசம் போயிட்டா. நெஞ்சு நோவாம்." ஸ்கந்தபுரத்தில் அரைவாசிச் சனம் அழுதது. மீதி அரைவாசிக்கும் சேர்த்து நானே அழுதேன்.

டொக்டர் மனோகரி அவர்களை அறியாதவர்களுக்காக எழுதுகிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்புத்தான்; ஆனால் எக்ஸ்ரே பற்றி என்னிடம் தாராளமாகக் கேட்கலாம்.

கலவரத்துக்கு முந்திய காலபோக நெல் விதைப்பில், மாவட்டத்தையே நடுங்கவைத்த எருமைக்கடா ஒன்று என் வலத் தொடையில் உதைத்தது. யானையே சாய்ந்திருக்கும். நான் சாயவில்லை, நிலத்தில் குந்தினேன், அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் நோயாளியைப் பார்க்க வருபவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். ஆளுக்கொரு எண்ணெய், ஆளுக்கொரு உருவல். என் மதிப்புக்கு ஊரே வரிசையில் நின்று உருவியது. சில கிழமைகளில் தொடைக்குள் கல்லுப்போல ஒரு கட்டி. ஆஸ்பத்திரியில் முதல் எக்ஸ்ரே படத்தைப் பார்த்த இளம் டொக்டர், "புற்றுநோயாயிருந்தால் காலை எடுக்கவேண்டி வரும்" என்றார். காலில்லாமல் கமக்காரனுக்கு என்ன சீவியம்?

மனோகரி அவர்கள் அந்தப் படத்தை வாங்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஐயா, இதை ஆரும் உருவினவையோ?"

"சாச்சாய், ஒருத்தரும் தொடேல்லை."

என் மனைவி விடவில்லை. "பொய் அம்மா. ஊரே உருவினது."

அவர் சிரித்துவிட்டார். "அடிபட்ட தசையைக் கசக்கினால் அதுக்குள்ள சுண்ணாம்பு படியும். இது அதுவாயும் இருக்கலாம். வெட்ட அவசரப்படாமல் மூண்டு கிழமையால திரும்பப் படம் எடுப்பம். அதுவரை வாறவைக்குத் தேத்தண்ணி குடுங்கோ, காலைக் குடுக்காதேங்கோ."

மனைவி படலையில் தடியோடு காவல் நின்றாள். பீப்பாய்க் கணக்கில் எண்ணெய் திரும்பிப் போனது.

இரண்டாவது படத்தைப் பழையதன் பக்கத்தில் வைத்து, விரலால் வட்டம் போட்டுக் காட்டினார். "பாருங்கோ, ஓரம் முட்டைக்கோது மாதிரி வெள்ளையா இறுகியிருக்கு, நடு கறுப்பு. தொடையெலும்போடையும் ஒட்டேல்லை. இது புற்றில்லை ஐயா, சுண்ணாம்புதான். கால் உங்களுக்குத்தான்." மனைவி அவரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

என் பலத்தைத் தாங்க ஓரெலும்பு போதாமல் இன்னொன்று முளைத்தது என்று ஊரில் சொன்னேன். அது அவர் காதுக்கும் போனது. மறுக்கவில்லை, பெருந்தன்மையானவர்.

செத்தவீட்டில் பெட்டியைத் தூக்கும்போது நானும் முன்னால் தோள் கொடுக்கப் போனேன். "ஆரண்ணை நீங்கள், சொந்தமோ?" என்று அவரின் தம்பி கேட்டார்.

"அக்கா வெட்டவிடாத கால் தம்பி, இது."

அவர் விலகி இடம் விட்டார். சுடலை வரை நான் ஆள் மாற்றவில்லை. இதில் மட்டும் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை, டொக்டர் அம்மா. போயிட்டு வாங்கோ.