பின்பக்கமாக மலையேறிய ஆசீர்வாதம் அண்ணாச்சி

போடி பஸ் நிலையத்துச் சுவரில் ஒட்டியிருந்த சுவரொட்டியைப் பார்த்துத்தான் ஆசீர்வாதம் அண்ணாச்சி காலமானது எனக்குத் தெரிந்தது. பசை இன்னும் காயவில்லை. படத்தில் கோட்டும் டையும் போட்ட ஒருவர் இருந்தார். அண்ணாச்சி கோட்டுப் போட்டு நான் பார்த்ததே இல்லை. கீழே இருந்த பெயரைப் படித்த பிறகுதான் அந்த மூக்கை அடையாளம் கண்டேன். அடக்கம் முந்தின நாளே முடிந்திருந்தது. பஜாரில் பாதிப் பேருக்கு வீட்டிலிருந்து ஆள் போயிருக்கிறது. எனக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. அவருடைய மைத்துனர்கள் செய்த இந்தக் காரியத்தை நான் மறக்கப்போவதில்லை. ஆனால் இது அவர்களைப் பற்றிய கட்டுரை அல்ல.

அண்ணாச்சியின் ஜீப்பில் ஏறியவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர் ஏலக்காய் வியாபாரி. இருந்தாலும் ஏலக்காய்க் கடைக்காரர் என்பதைவிட ஜீப்காரர் என்றுதான் பலருக்கு அவரைத் தெரியும். பட்டாளத்து ஏலத்தில் யாரோ எடுத்து, பல கை மாறி அவரிடம் வந்து சேர்ந்த பழைய வண்டி அது. பர்மாவரை போய்த் திரும்பிய வண்டி என்பார். இன்னொரு நாள், ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஓடிய வண்டி என்பார். இரண்டும் எப்படிச் சரியாகும் என்று கேட்டேன். “சண்டைன்னா நாலு எடத்துக்குப் போகத்தான் செய்யும் புரொபசரே. ஒங்களமாதிரி ஒரே ரூம்லயா ஒக்காந்திருக்கும்?” என்றார்.

வார நாளில் அந்த ஜீப்பில் மூட்டை ஏறும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஆள் ஏறும். மலைக்குப் போகவேண்டும் என்று யார் கேட்டாலும், வண்டி போகக்கூடிய கடைசி இடம்வரை கொண்டுபோய் விடுவார். அதற்கு மேல் ஓர் அடி நடக்கமாட்டார். “நான் ஏத்தி விடுறவன், ஏறுறவன் இல்ல” என்று சொல்லிவிட்டு, பின்சீட்டில் சாய்ந்து முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கிவிடுவார்.

நான் கல்லூரியில் புவியியல் ஆசிரியன். சிறுவயதில் வந்த காய்ச்சலில் என் இடதுகால் சூம்பிவிட்டது. ஊன்றுகோல் இல்லாமல் நடக்கமுடியாது. எங்கள் மாணவர்கள் ஆண்டுதோறும் தை மாதத்தில் தேவாரத்துக்கு மேற்கே உள்ள மலையுச்சிக்குப் போவார்கள். அங்கே விழும் மழையில் ஒரு பாதி கிழக்கே நம் பள்ளத்தாக்குக்கு இறங்குகிறது, மறுபாதி மேற்கே கேரளத்துக்குப் போகிறது. அந்த நீர்பிரி முகட்டை ஆண்டுக்கணக்காகக் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். பார்த்ததில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒருமுறை நானும் உடன் போனேன். தேவாரத்தைத் தாண்டியதும் ரோடு என்று சொல்வது ஒரு மரியாதைக்காகத்தான். மாட்டுவண்டித் தடத்தில் மழைநீர் அரித்த பள்ளங்கள், அவற்றில் ஆளுயரக் கள்ளி, நடுவே யானை முதுகுபோலப் பாறை. ஒரு பக்கச் சக்கரத்தைப் பாறைமேல் ஏற்றி, மறுபக்கத்தைப் பள்ளத்தின் விளிம்பில் நடத்தி, வாயில் வெற்றிலையோடு அண்ணாச்சி ஓட்டினார். ஓர் ஓடைக்கரையில் வண்டி நின்றது. வண்டி திரும்ப அங்கேதான் இடம் இருந்தது. நடைபாதை அங்கிருந்து தொடங்கியது. என்னைவிட வயதிலும் அனுபவத்திலும் இளைய ஆசிரியர் ஒருவர் மாணவர்களை மேலே அழைத்துப் போனார். அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அவருக்குப் பெருமை. நான் ஓடைக்கரையில் அண்ணாச்சியோடு உட்கார்ந்தேன்.

“மேல அப்பிடி என்னதான் இருக்கு?” என்று துண்டுக்குள்ளிருந்து கேட்டார்.

நான் விளக்கினேன். கோபத்தோடுதான் விளக்கினேன்.

“ஆக, நீங்க பாக்காமலே பாடம் நடத்துறீக. நான் பாக்காமலே ஆளக் கொண்டாந்து விடுறேன். ரெண்டு பேரும் ஒரே ஏவாரந்தான்” என்று சிரித்தார்.

அவரோடு சிரிக்க எனக்கு மனமில்லை. அடுத்த ஆண்டு எங்கள் துறைக்குத் தலைவர் நியமிக்கப்பட இருந்தார். மூப்பின்படி அந்த இடம் என்னுடையது. ஆனால் முதல்வர் என்னை அழைத்து, “களப்பணி நடத்த முடியாதவர் புவியியல் துறைக்கு எப்படித் தலைமை தாங்குவது? நீங்களே சொல்லுங்கள்” என்று கேட்டிருந்தார். அடுத்த தை மாதம் மாணவர்களை நானே உச்சிக்கு அழைத்துச் செல்கிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தேன். எப்படி என்று எனக்கே தெரியாது. ஓடையிலிருந்து உச்சிவரையான ஏற்றத்தை என் கால் தாங்காது. இதையெல்லாம் அன்று அண்ணாச்சியிடம் கொட்டிவிட்டேன்.

அவர் முகத்திலிருந்து துண்டை எடுத்தார். “ஒங்க நடை ஜீப்பு நிக்கிற எடத்துலருந்துதான தொடங்குது? ஜீப்ப எங்கன நிப்பாட்டுறதுங்கிறது எம்பாடு. அதுல புரொபசருக்கு என்ன சோலி?”

ஓடைக்கு மேலே முன்பு மரம் இறக்க வெட்டிய கூப்பு ரோடு ஒன்று இருந்தது. பல மழைக்காலம் அதை அரித்திருந்தது. எந்த வண்டியும் அதில் போவதில்லை. ஏறினால் மேலே திருப்ப இடமில்லை, அவ்வளவு சரிவில் பின்பக்கமாக இறங்குவது உயிரோடு விளையாடுவது என்று ஜீப்காரர்கள் எல்லோரும் விட்டுவிட்ட பாதை அது.

அடுத்த தை மாதம் ஓடைக்கரைக்கு வந்ததும் அண்ணாச்சி வண்டியைத் திருப்பி, மூக்கு பள்ளத்தாக்கைப் பார்க்க நிறுத்தினார். ஊருக்குத்தான் திரும்பப் போகிறார் என்று நினைத்தேன். பக்கத்தில் என்னை உட்காரவைத்து, ரிவர்ஸ் கியரைப் போட்டு, கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தபடி அந்தக் கூப்பு ரோட்டில் ஏறத் தொடங்கினார். ரிவர்ஸ் கியருக்குத்தான் இழுவை அதிகமாம். இரு பக்கமும் மாணவர்கள் கையில் கல்லோடு நடந்தார்கள். வண்டி சறுக்கினால் முன்சக்கரத்தின் கீழ் போட வேண்டும்.

“ஏறும்போது வண்டிக்குக் கண்ணு வேணாம், பலம் வேணும். எறங்கும்போதுதான் கண்ணு வேணும். அதனால எறங்குற மூஞ்சிய இப்பவே திருப்பி வச்சுட்டேன்” என்றார். பின்னால் வைத்த பார்வையை எடுக்காமலே ஒரு வெற்றிலைச் சிரிப்பு.

விறகுக்கட்டோடு இறங்கிவந்த பெண்கள் ஒதுங்கி நின்று வாயைப் பிளந்தார்கள்.

“அடியே, இங்கன பாருங்கடி! வண்டி பின்னுக்குப் போகுது, ஆளுக முன்னுக்குப் பாத்துட்டு ஒக்காந்திருக்காக!” என்றாள் ஒருத்தி.

“ஒங்க ஊருக்கு முதுகக் காட்டிட்டுப் போகக் கூடாதுல்ல ஆத்தா, அதான்!” என்று அண்ணாச்சி கத்தினார்.

“நல்லாத்தான் பேசுறாக. அந்தால விழுந்தா எந்தப் பக்கம் பாத்து விழுவீக?”

“ஒன் வெறகுக்கட்டு மேலதான்!”

அவர்கள் சிரிப்பு வெகுநேரம் கேட்டது. சரளைக்கல் சறுக்கிய ஒரு வளைவில் வண்டி தானாகக் கீழே நகர்ந்தது. மாணவர்கள் கல்லைப் போட்டார்கள். நின்றது. நான் ஊன்றுகோலை இறுகப் பிடித்திருந்தேன். ஒரு பாறை அண்மையில் கடப்பாரையால் நெம்பித் தள்ளப்பட்டிருந்ததைக் கவனித்துக் கேட்டேன்.

“போன ஞாயித்துக்கெழம நாந்தான் நடந்து வந்து தள்ளுனேன். கோயிலுக்குப் போகல. பாதிரி ஐயருகிட்ட சொல்லிராதீக” என்றார். ஏறமாட்டேன் என்றவர் நடந்திருக்கிறார். அதையும் ஒளிக்காமல், பெருமையாகவே சொன்னார். அடக்கம் அவரிடம் இருந்ததாக யாராவது இரங்கல் கூட்டத்தில் பேசினால் நம்பாதீர்கள்.

மலையேறும்போது எல்லோரும் மலையைப் பார்ப்பார்கள். நான் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு ஏறினேன். ஓடை சிறுத்தது. தேவாரத்து ஓட்டுக்கூரைகள் தெரிந்தன. பிறகு கண்மாய்கள், தென்னந்தோப்புகள், தெற்கே கம்பம் பக்கத்துத் திராட்சைப் பந்தல்கள், எதிரே மேகம் படிந்த மலைத்தொடர். கரும்பலகையில் நான் வரைந்து வரைந்து அழித்தது, இப்போது யாரும் அழிக்கமுடியாதபடி விரிந்துகொண்டே போனது.

புல்வெளி தொடங்கும் இடத்தில் ஜீப் நின்றது. அங்கிருந்து நடந்தேன். பலமுறை உட்கார்ந்து எழுந்து, உச்சியை அடைந்தேன். மாணவர்களைச் சுற்றி நிற்கவைத்து, ஒரு பாறையின் முகட்டில் தண்ணீர்ப் புட்டியைக் கவிழ்த்தேன். தண்ணீர் இரண்டாகப் பிரிந்து ஓடியது. ஒரு மாணவன் கிழக்கே ஓடியதைக் காட்டி, “சார், இது எங்க ஊருக்கு வருது” என்றான். அன்று நான் நடத்தியதுதான் என் வாழ்நாளின் முதல் புவியியல் பாடம்.

இறங்கத் தொடங்கியபோது மேற்கிலிருந்து மஞ்சு வெள்ளை மூட்டமாக ஏறி வந்தது. “மழை வருமுன் பிள்ளைகளை இறக்கிவிடுங்கள், எனக்காக நிற்கவேண்டாம்” என்று, துணைக்கு வந்திருந்த அந்த இளைய ஆசிரியரிடம் சொன்னேன். அப்படிச் சொல்வது யாராவது மறுப்பார்கள் என்றுதான். அவர் மறுக்கவில்லை. நிற்கப் பார்த்த மாணவர்களையும் அதட்டி அழைத்துப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை. சற்று நேரத்தில் என் ஊன்றுகோலின் நுனியே எனக்குத் தெரியவில்லை. புல்வெளியில் தடம் கிடையாது. ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம். எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் நின்றுவிட்டேன்.

அப்போதுதான் ஜீப்பின் ஆரன் கேட்டது. ஒருமுறை ஒலித்து நின்றது. மறுபடி ஒலித்தது. நான் சத்தம் வந்த திசைக்குத் திரும்பி ஓர் அடி வைத்தேன். நின்றேன். மறுபடி கேட்டதும் அடுத்த அடி. அப்படியே இறங்கினேன்.

கீழே நடந்ததைப் பின்னால் மாணவர்கள் சொன்னார்கள். ஜீப்பை அடைந்த இளைய ஆசிரியர், “சார் மெதுவா வந்துருவாரு அண்ணாச்சி. மழை வந்தா இந்த ரோடு வழுக்கும். வண்டிய ஓடைக்கு எறக்கிருங்க” என்றாராம்.

“நீங்க பிள்ளைகளக் கூட்டிக்கிட்டுப் போங்க. வண்டி புரொபசரோட வந்தது, புரொபசரோடதான் எறங்கும்” என்று சொல்லிவிட்டு, விட்டுவிட்டு ஆரனை அடிக்கத் தொடங்கியவர் நிறுத்தவே இல்லையாம்.

நான் வந்து சேர்ந்தபோது அந்தச் சத்தம் தேய்ந்து, சளி பிடித்த ஆட்டின் குரலாக இருந்தது. அண்ணாச்சி நனைந்திருந்தார்.

“அடிச்சு அடிச்சு பேட்டரி செத்துப்போச்சு புரொபசரே. ஏறுங்க.”

“பேட்டரி இல்லாமல் எப்படி வண்டி கிளம்பும்?”

“அதுதான் எறங்குற மூஞ்சியில நிக்குதுல்ல? உருட்டி விட்டா தானா முழிச்சுக்கும்.” பிரேக்கை விட்டார். வண்டி சத்தமில்லாமல் சரிவில் உருண்டது. கிளட்சை விட்டதும் ஒரு குலுக்கலோடு எஞ்சின் உறுமியது. நாங்கள் முன்னால் பார்த்தபடி இறங்கினோம்.

பதவி எனக்குக் கிடைக்கவில்லை. பாதித் தூரம் ஜீப்பில் போனது களப்பணி ஆகாது என்றார் முதல்வர். இளையவர் தலைவரானார். இருவரையும் நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கும் எண்ணமும் இல்லை. அண்ணாச்சியும் மன்னிக்கவில்லை. முதல்வர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஏலக்காய் கேட்டு அவர் கடைக்கே வந்திருக்கிறார்கள். சரக்கு இல்லை என்றாராம். கடையே இப்படி மணக்கிறதே என்று கேட்டதற்கு, “அது போன வருசத்து மணம்” என்றாராம். ஞாயிறுதோறும் ஜெபம் செய்கிறவர் பொய் சொல்லலாமா என்று நான் கேட்டேன். “அத நான் கர்த்தர்கிட்ட பேசிக்கிறேன். ஒங்களுக்கு மனசு குளுந்துச்சா இல்லையா?” என்றார். குளிர்ந்தது.

பதவி போனாலும் மலை என் கையில் இருந்தது. அடுத்த தை மாதம் மாணவர்கள் என் வீட்டுக்கு வந்து, “சார், நீங்க வந்தாத்தான் போவோம்” என்றார்கள். அன்றிலிருந்து ஒவ்வோர் ஆண்டும், அவர் உடம்பு இடம் கொடுத்தவரை, அண்ணாச்சி எங்களைப் பின்பக்கமாக ஏற்றினார். துறைத்தலைவர் அறையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அந்த முகட்டில் தண்ணீர் பிரிவதைப் பார்த்த சிலர் இன்று வருசநாட்டிலும் பெரியகுளத்திலும் ஆசிரியர்களாக இருக்கிறார்கள். தங்கள் பிள்ளைகளையும் அழைத்துப் போகிறார்கள்.

இந்தத் தை மாதமும் போகிறோம். தேவாரத்து ஜீப்காரர் ஒருவரிடம் பேசிவிட்டேன். வகுப்பில் மூச்சிரைப்பு உள்ள மாணவி ஒருத்தி இருக்கிறாள். “நான் வரல சார். என்னால எல்லாரும் நிக்கணும்” என்றாள். முழுப் பயணத்தையும் அவளிடமிருந்து தொடங்கித்தான் திட்டமிட்டிருக்கிறேன். அவளால் நடக்கமுடிகிற தூரம், அவள் உட்காரவேண்டிய நிழல், அவள் இருட்டுமுன் இறங்கக்கூடிய நேரம். மற்றவர்கள் அதற்குள் அடங்குவார்கள். யார் கடைசியில் வருவார் என்று முதலில் நினைப்பது, அதுதான் அண்ணாச்சியிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது. என் கோபங்கள் பக்கத்தில் இருந்தாலும் அதற்கு இடம் இருக்கிறது.

“ரொம்ப மெதுவாத்தான் வருவேன் சார்” என்றாள் அந்தப் பெண்.

“வா. நான் அதைவிட மெதுவாக வருவேன்” என்றேன்.