மூக்கைப் பிடித்து ஊதப் பழகிய மாக்கிறேற்

அல்லைப்பிட்டிக் கரையில் மாக்கிறேற்றை வாயால் வென்றவர் எவரும் இல்லை. வலையில் சிக்கிய நண்டைக் கடிபடாமல் கழற்றுவதில் அவள் கை எவ்வளவு வேகமோ, வாய் அதைவிட வேகம். நண்டு வாங்க வருகிற வியாபாரி தராசில் விரலை வைத்தால் போதும், அவனுடைய பரம்பரையையே கரைக்கு இழுத்துவிடுவாள்.

அவள் புருசன் கிறிஸ்ரி, கடலடிக்கு மூழ்கிக் கடலட்டை பிடிக்கிற சுழியோடியாக இருந்தவன். ஒருநாள் ஆழத்திலிருந்து அவசரப்பட்டு மேலே ஏறியதில் உடம்புக்குள் காற்றுக் குமிழி கட்டி, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. தூரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் இரும்பு அறைக்குள் படுக்கவைத்து, அமுக்கத்தைக் கூட்டி ஒட்சிசன் கொடுத்துப் பார்த்தார்கள். கால் திரும்பவில்லை. வேறொருத்தி என்றால் இடிந்துபோய் மூலையில் குந்தியிருப்பாள். மாக்கிறேற்றோ கட்டில் கால்களை அறுத்து உயரத்தைக் குறைத்தாள். கூரை வளையில் நங்கூரக் கயிறொன்றைக் கட்டித் தொங்கவிட்டாள்.

"கயித்தைப் பிடிச்சு ஏறிக் கதிரையில இருங்கோ. உங்களைத் தூக்க நான் என்ன கிரேனோ?" என்றாள்.

அப்படி ஏசி ஏசியே அவனைச் சில்லுக் கதிரையில் ஏற்றி, வாசலுக்குக் கொண்டுவந்து, கிழிந்த வலை பொத்த வைத்தாள். அந்த வீட்டில் அடுப்பு அணையாமல் எரிந்ததற்கு அவள்தான் காரணம். அதைச் சொல்ல அவனுக்கு வெட்கமில்லை.

பிறகு அவளுக்கே கர்ப்பப்பை வாசலில் புற்றுநோய் வந்தது. கதிர்ச்சிகிச்சைக்குப் போய்வந்தாள், வந்த கையோடு நண்டும் கழற்றினாள். நோய் போய்விட்டது. சில வருசம் கழித்துச் சிறுநீரில் இரத்தம் கண்டது. முதலில் மறைத்தாள். நடக்கும்போது தலைசுற்றி வலைக்கு மேலேயே விழுந்த பிறகுதான் மகள் ஜெனீற்றா புளியங்கூடலிலிருந்து ஓடிவந்து, இழுத்துக்கொண்டு போய் டொக்டர் தாரிகாவிடம் காட்டினாள்.

"நோய் திரும்பேல்லை அம்மா. கதிர் பட்டதிலை மூத்திரப் பையின்ரை சின்ன இரத்தக் குழாயள் பழுதாகியிருக்கு. அமுக்கத்திலை ஒட்சிசன் குடுத்தால் புதுக் குழாய் வளர இடமிருக்கு. கட்டாயம் சுகம் வரும் எண்டு சொல்ல ஏலாது. ஆனால் கனபேருக்கு இரத்தம் நிண்டிருக்கு. கிழமைக் கணக்காய் அங்கை நிக்கவேணும்" என்றாள் தாரிகா. தீவுக்காரிக்குப் பழகின விசயமாகச் சொன்னால் பயம் தெளியும் என்று நினைத்தாள் போலும், "உங்கட சுழியோடியளை வைக்கிற அதே அறைதான்" என்று சேர்த்தும் சொன்னாள்.

அதோடு கெட்டது. மாக்கிறேற் கதிரையை விட்டு எழும்பிவிட்டாள்.

"அதுக்குள்ள போன எங்கட ஆக்கள் ஒருத்தரும் நடந்து வெளியாலை வரேல்லை. என்ரை மனுசன்ரை காலைத் திண்டது அதுதான். நான் மாட்டன்."

கரையில் இருந்த பெண்களும் அதையே சொன்னார்கள். ஊரில் சுழியோடிப் பழுதாகி அந்த அறைக்குப் போனவர்கள் எல்லோரும் பிறர் தோளில்தான் திரும்பினார்கள். அவர்கள் உள்ளே போனதும் பிறர் தோளில்தான் என்பதை எவரும் நினைத்துப் பார்க்கவில்லை. "போகாதை அக்கா" என்று ஆளுக்காள் ஓதினார்கள். மாக்கிறேற் நாளுக்கு நாள் வெளிறிக்கொண்டு போனாள். கடைசியில் ஏசவும் மூச்சுப் போதவில்லை.

"மாக்கிறேற், இதிலை இரும்" என்றான் கிறிஸ்ரி ஒரு பின்னேரம், பொத்திக்கொண்டிருந்த வலையை மடியிலிருந்து தள்ளிவிட்டு. "நான் விழுந்தது மாதா பெருநாளுக்கு முதல்நாள். ஞாபகமிருக்கோ?"

"ஏனில்லை?"

"மாதா ஊரைச் சுற்றிவாற சுற்றுப்பிரகாரம் முடியட்டும், அவ எழுப்பிவிடுவா எண்டனீர். நானும் ஓம் எண்டனான். எண்ணெய் பூசிக்கொண்டு கிடந்தன். பெருநாள் முடிஞ்சுதான் போனனாங்கள். அங்கை டொக்டர் சிங்களத்திலை ஏதோ சொன்னவர். உமக்கு விளங்கேல்லை, என்னட்டைக் கேட்டனீர். நான் என்ன சொன்னனான்?"

"அறையிலை ஏதோ பிழை எண்டனீங்கள்."

"பொய். உடனை கொண்டுவந்திருந்தால் இந்த ஆள் நடந்திருப்பான் எண்டுதான் அவர் சொன்னவர்."

மாக்கிறேற் அவன் தள்ளிவிட்ட வலையை இழுத்துத் தன் மடியில் வைத்தாள்.

"அதைச் சொன்னால் நீர் சாகுமட்டும் உம்மையே தின்னுவீர். இரும்புக்கு நோகாது எண்டு பழியை அதிலை போட்டிட்டன். எங்கட பெடியள் எல்லாரும் பிந்திப் போனவை. நீர் பிந்தாதையும்."

அவள் அழுதாள். குரல் வைத்து, அயல் கேட்க அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அவன் மேல் பாய்ந்தாள்.

"இவ்வளவு வருசமும் ஒரு இரும்பைப் பிடிச்சுத் திட்ட விட்டிட்டியளே! செபத்திலயும் திட்டினனான், தெரியுமோ? மாதா என்னைப் பற்றி என்ன நினைச்சிருப்பா!"

கிறிஸ்ரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏச்சு வந்துவிட்டால் ஆள் தப்பிவிடுவாள் என்று அவனுக்குத் தெரியும்.

அடுத்த நாளே பாடம் தொடங்கியது. "அமுக்கம் கூடக் காது குத்தும். மூக்கைப் பிடிச்சு, வாயை மூடி, மெல்ல ஊதும். காது திறக்கும். அமுக்கம் குறையேக்கை ஊதக்கூடாது. மூச்சைப் பிடிக்காதையும், சும்மா விட்டு விட்டு இழும்." மாக்கிறேற் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாய் மூடியிருந்த காட்சியைப் பார்க்கக் கரையே வேலிக்கு வெளியே கூடியது. இந்த ஊரில் அவள் வாயை மூடவைத்த முதல் ஆள் கிறிஸ்ரிதான் என்று அயல்வீட்டுக் குருசுமுத்து அண்ணை கத்தினார். மூடிய வாயோடேயே அவள் வீடு கூட்டுகிற தும்புக்கட்டையை அவருக்கு ஓங்கிக் காட்டினாள்.

ஜெனீற்றா தகப்பனைப் பார்த்துக்கொள்ள வந்து நின்றாள். மாக்கிறேற் போனாள். ஒட்சிசனில் தீப்பற்றக்கூடாது என்று எண்ணெய் பூசாத தலையும் ஆஸ்பத்திரி கொடுத்த பருத்திச் சட்டையுமாய், தனக்கே ஒரு அந்நியப் பெண்ணாக, அந்த அறைக்குள் ஏறினாள். கதவு பூட்டிய சத்தம் கேட்டது. காது குத்தியது. மூக்கைப் பிடித்து ஊதினாள், திறந்தது. திரும்பக் குத்தியது, திரும்ப ஊதினாள். அவன் எத்தனை ஆயிரம் தரம் இப்படித் தனியாக ஊதிக்கொண்டு இருட்டுத் தண்ணீருக்குள் இறங்கியிருப்பான் என்று அப்போதுதான் அவளுக்குப் பட்டது.

உள்ளே ஏறமுன்னரே தாதியிடம் தன் போனைக் கொடுத்திருந்தாள். "பிள்ளை, நான் நடந்து வாறதைப் படம் பிடியும். முகம் மட்டும் வேண்டாம், கால் தெரிய முழுக்கப் பிடியும்."

இரத்தம் உடனே நிற்கவில்லை. கிழமைகள் போகப் போகக் குறைந்து, சிவப்பு வெளிறி, இப்போது எப்போதாவதுதான் காண்கிறது. ஏச்சு முழுசாகத் திரும்பிவிட்டது. ஆனால் அந்த முதல்நாள் இதொன்றும் தெரியாது. ஜெனீற்றாவின் போனுக்கு வந்த படத்தைக் கரையில் பெண்கள் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். "ஐயோ, நடக்கிறா!" என்று கத்தினார்கள். கடைசியாகப் போன் கிறிஸ்ரியிடம் வந்தது. மனுசி வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டு வருகிறாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.