கார்குழலி அமுக்க மறுத்த கை

எங்கள் வியாசர்பாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருக்கிறாள் கார்குழலி. பதினாறு வருடமாக மசாஜ்தான் பிழைப்பு. ஆஸ்பத்திரி பிசியோதெரபி வார்டில் உதவியாளாக இருந்து கற்றுக்கொண்டது. சரவாங்கி வந்தவர்கள் படுத்தால் முதலில் புறங்கையை மூட்டின் மேல் வைத்துப் பார்ப்பாள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தின்கிற நோய் சரவாங்கி. மூட்டு சுட்டால் அதை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள சதையை மட்டும் மெதுவாக நீவுவாள். வலி குறையும், தூக்கம் வரும். நோய் போகாது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும்.

திருவொற்றியூரில் அவள் வேலை பார்த்த இடத்து முதலாளி சுடலைராஜ். வாசலில் ஆளுயர போர்டு: 'சரவாங்கி இருபத்தொரு நாளில் அடியோடு குணம்'. போன வருடம் வரை பருப்பு விற்ற மனிதர், வெள்ளைக் கோட்டு தைத்துப் போட்டுக்கொண்டு, வருகிறவர்களையெல்லாம் ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்தச் சொல்வார். வெட்கம் மானம் எதுவும் கிடையாது.

கத்திவாக்கத்து இருதயம்மாளையும் நிறுத்த வைத்தார். எண்ணூர் ஆற்றில் இறங்கி, கையால் தடவி இறால் பிடிக்கிறவள் அவள். விரல் மடங்கினால்தான் சோறு. இருபத்தொன்றாம் நாள், அவள் முஷ்டி மடக்குவதை வீடியோ எடுக்க சுடலைராஜ் செல்போனோடு வந்து நின்றார். மணிக்கட்டு பன் மாதிரி வீங்கியிருந்தது. விரல்கள் பாதிகூட மடங்கவில்லை.

"நல்லா அமுக்கும்மா, மடங்கும்" என்றார் கார்குழலியிடம், சிரித்துக்கொண்டே. இருதயம்மாள் வலியில் அழுதபோதும் அவர் வெளிச்சம் சரியாக விழுகிறதா என்றுதான் பார்த்தார். சீ, என்ன ஜென்மமோ!

கார்குழலி கையை எடுத்துவிட்டாள். "நா அமுக்க மாட்டேன். மூட்டு கொதிச்சிகினு கீது. மாத்திரைய நிறுத்தி அக்கா கைய கெடுத்துட்டு, உனக்கு வீடியோ ஒரு கேடா? த்தூ! கலீஜு பொழப்பு."

அந்த நிமிடமே வேலை போயிற்று. அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. இருதயம்மாளை ஆட்டோவில் ஏற்றி, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஆஸ்பத்திரிக்கு போலாம்க்கா. மாத்திரைய வுட்டத டாக்டராண்ட மறைக்காம சொல்லிடு."

இருதயம்மாள் வீங்கிய கையை மடியில் போட்டுக்கொண்டு அவளையே பார்த்தாள்.

"மொத நாளு அந்தாளு மாத்திரைய நிறுத்துன்னு சொன்னப்போ, நீ பக்கத்துலதான எண்ணெய் காய்ச்சிகினு இருந்தே?"

அதுவரை சுடலைராஜ் மேல் இருந்த அருவருப்பு முழுவதும் தன் மேலேயே திரும்பிவிட்டது என்று கார்குழலி என்னிடம் சொன்னாள்.

"இருந்தேன்க்கா" என்றாளாம். "வேல பூடுமேன்னு வாய மூடிகினு இருந்தேன்."