பானட்டுக்குள் இரண்டு துண்டுகள்

விபத்துக்குள்ளான மோட்டார் வாகனங்களின் சேதத்தை மதிப்பிடும் சர்வேயராக இருந்தேன். மலைச்சாலையில் இரண்டு வண்டிகள் மோதிக்கொண்டால் காப்பீட்டு நிறுவனம் என்னை அனுப்பும். இரு தரப்பினரும் என் கையில் காப்பியைத் திணிக்கப் பார்ப்பார்கள், நான் குடித்ததில்லை. எவர் பக்கமும் சாயாதவர் என்று கன்னிவாடி முதல் கொடைக்கானல் வரை எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை நம்பித்தான், நான் ஓய்வு பெற்ற பின், இப்பகுதியில் பழைய கார் வைத்திருப்போர் தங்கள் இணையக் குழுவுக்கு என்னை நிர்வாகியாக்கினார்கள்.

குழுவுக்கு விதி ஒன்றே. மோட்டார் மட்டும் பேச வேண்டும், அரசியல் கூடாது. விதியை எழுதியவன் நான். அது ஒரு வாரத்தைக்கூடத் தாண்டவில்லை என்பதையும் நானே எழுதிவிடுவது முறை. முன் டயருக்கு எவ்வளவு காற்று வைக்கலாம் என்று காலையில் ஒருவர் கேட்பார். காற்றிலிருந்து சாலைக்கும், சாலையிலிருந்து சுங்கச்சாவடிக்கும், சுங்கச்சாவடியிலிருந்து டெல்லிக்கும் பேச்சு தானாகவே கியர் மாற்றிக்கொண்டு போய்விடும். மாலையில் நான் கைப்பேசியைத் திறக்கும்போது, டயரைப் பற்றிக் கேட்டவர் பதில் கிடைக்காமலே உறங்கப் போயிருப்பார்.

இதில் முதன்மையானவர்கள் இருவர். ஒருவர் மேல்மலையில் பூண்டு பயிரிடுபவர். அவரிடம் ஒரு பழைய ஜீப் உண்டு. டெல்லியில் ஆள்வோர் செய்வதெல்லாம் சரி என்பது அவர் கொள்கை. மற்றவர் பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை நடத்துபவர். பால் நிறத்தில் நீளமான கார் ஒன்றை வைத்திருக்கிறார். ஆள்வோர் செய்வதெல்லாம் தவறு என்பது இவர் கொள்கை. நேரில் இவர்கள் ஒருவரையொருவர் ‘அண்ணே’ என்றும் ‘ஏலே’ என்றும் அழைத்துக்கொள்பவர்கள். குழுவிலோ கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். ‘மதிப்பிற்குரிய நண்பர் அவர்களே’ என்று ஒரு செய்தி தொடங்கினால், அதை வீட்டுப் பெண்களின் முன் உரக்கப் படிக்க முடியாது என்று பொருள்.

சென்ற ஆண்டுக் கோடையில் இது எல்லை கடந்தது. பெட்ரோலில் எத்தனால் கலப்பது பழைய எஞ்சின்களுக்கு ஆகுமா என்று எவரோ கேட்டார். கேள்வி மோட்டாருடையது, ஆகவே நான் தடுக்கவில்லை. கலப்பது டெல்லியின் கொள்கை. ஆகவே அவர்கள் இருவரும் விடவில்லை. பங்குனி முழுவதும் சண்டை நடந்தது. இறுதியில் இரு தரப்பும் என்னிடம் வந்தன. ‘சர்வேயர் ஐயா தீர்ப்புச் சொல்லட்டும்’ என்றார்கள். நான் மறுத்தேன். பேசாமல் இருப்பதே ஆளும் தரப்புக்கு ஆதரவு என்று கடைக்காரர் எழுதினார். அரசின் கொள்கை சரியென்று ஒரு வரி எழுத மனமில்லாதவர் எதிர்த்தரப்பின் ஆள் என்று பூண்டுக்காரர் எழுதினார். ஆண்டுதோறும் மே மாதத்தில் நடக்கும் எங்கள் கார்களின் மலையேற்றத்தின்போது, மதிய உணவுக்குப் பின் குழுவை இரண்டாகப் பிரித்துவிடுவது என்று முடிவாயிற்று. எந்த நிர்வாகியை நம்பி ஒன்றாக இருந்தார்களோ, அவரை இனி நம்புவதற்கில்லை என்பதுதான் இருவரும் ஒத்துக்கொண்ட ஒரே காரணம்.

எனக்கு உறக்கம் கெட்டது என்று எழுதமாட்டேன். ஆனால், மலையேற்றத்தின் வரிசையை அமைக்கும்போது மிகுந்த கவனம் எடுத்துக்கொண்டேன். மற்ற வண்டிகளெல்லாம் முதலில் போய்விட, கடைசி மூன்றில் முன்னே பூண்டுக்காரரின் ஜீப், நடுவில் என் கார், பின்னே கடைக்காரர். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பேச இடமில்லாதவாறு நானே நடுவில் நுழைந்துகொண்டேன்.

மலையேற்றத்துக்கு எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பேத்துப்பாறைப் பக்கம் தோட்டவிடுதி நடத்தும் ஓர் அம்மையார் எங்கள் உறுப்பினர். அவருடைய புல்வெளியில் வண்டிகள் போய் நின்றதும், ஒவ்வொன்றின் பானட்டையும் அவரே தூக்குவார். ஓட்டி வந்தவர் அதில் கைவைக்கக் கூடாது. முன்பெல்லாம் சிலர் எண்ணெய்க் கசிவைத் துடைத்துவிட்டுக் காட்டினார்கள் என்பதால், இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவன் நான்தான். பானட்டுக்குள் இருப்பது இருந்தபடியே படமாகிக் குழுவுக்குப் போய்விடும். என் எஞ்சினைப் பற்றி எனக்குக் கவலை இருந்ததில்லை. வெள்ளித்தட்டில் வைத்துப் பரிமாறலாம் என்று அந்த அம்மையாரே ஒரு முறை சொல்லியிருக்கிறார். அன்றும் டிக்கியைக்கூடத் துடைத்து, துடைத்த துணியை வீட்டிலேயே போட்டுவிட்டு வந்திருந்தேன்.

பழனி அடிவாரத்தில் தேங்காய் உடைத்துக் கிளம்பியபோதே வெயில் ஏறிவிட்டது. மலைப்பாதையில் அணையின் நீர் கீழே ஒரு கண்ணாடித் துண்டாகத் தெரியும் வளைவில், என் கார் இருமுறை இருமி நின்றது.

கடைக்காரர்தான் முதலில் இறங்கி வந்தார். “என்னாச்சுங்க ஐயா, ஏர் லாக்கா?”

“சற்றே சூடு,” என்றேன்.

அவர் பானட்டைத் தூக்கிப் பார்த்தார். “சற்றேங்களா? முட்டைய ஒடச்சு ஊத்துனா வெரசா ஆம்லெட் ஆயிரும் போல கெடக்கு.”

நோய் இன்னதென்று எனக்குத் தெரியும். எஞ்சினின் பக்கவாட்டில் இருக்கும் சிறிய ஃபூயல் பம்ப் கொதித்து, உள்ளே பெட்ரோல் ஆவியாகிவிட்டது. ஈரத்துணியைச் சுற்றினால் போதும். பழைய கார்க்காரர்கள் எல்லோரும் செய்கிற வைத்தியம்தான். அதற்குள் பூண்டுக்காரரும் ஜீப்பை ஓரம் கட்டிவிட்டு மேலிருந்து நடந்து வந்து சேர்ந்தார்.

“இப்பச் சொல்லுங்க ஐயா, எத்தனாலக் கலந்ததாலதானே நின்னுச்சு?” என்றார் கடைக்காரர்.

“ஏண்ணே, எத்தனால்னு ஒரு பேரே இல்லாத காலத்துலயும் இந்த வண்டி நின்னுருக்கு,” என்றார் பூண்டுக்காரர்.

“நின்னத நீ பாத்தியாலே?”

“எங்கப்பா தள்ளிவிட்டுருக்காரு.”

“அது வேறு கார்,” என்றேன். என் காரை எவரும் தள்ளியதில்லை.

துணி கேட்டார்கள். என் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தேன். பூண்டுக்காரர் அதை விரித்துப் பார்த்து, “இது பம்புக்குக் கோவணம் கட்டக்கூடக் காணாதுங்க ஐயா,” என்றார். அடுத்த கணம் கடைக்காரர் தம் தோளில் கிடந்த துண்டை உருவினார்.

அது அவருடைய கட்சித் துண்டு. பூண்டுக்காரரின் கழுத்தில் கிடந்தது அவருடைய கட்சித் துண்டு. கரைகளின் நிறத்தை இங்கே குறிப்பிடமாட்டேன். நிறத்தைச் சொல்வது கட்சியின் பெயரைச் சொல்வதற்குச் சமம்.

“வேண்டாம்,” என்றேன்.

“ஏங்க ஐயா, எந்துண்டுல என்ன கொற?”

குறை எதுவென்று அவருக்குத் தெரியும். மேலே அம்மையார் பானட்டைத் தூக்குவார். எவர் பக்கமும் சாயாத நிர்வாகியின் எஞ்சினை ஒரு கட்சியின் கரை கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பது ஊருக்கே படமாகப் போகும். பிறகு குழு மட்டுமா உடையும்? நான் காப்பி குடிக்காமல் வந்த அத்தனை ஆண்டுகளும் போய்விடும்.

“அதெப்படி, அவரு துண்ட வைக்கலாம்?” என்றார் பூண்டுக்காரர். “நாளைக்கே எங்க கட்சிதான் ஐயாவ மலையேத்துச்சும்பாரு.”

“பின்ன ஒங்காளுகளா ஏத்துறாக?”

எங்களுக்குப் பின்னே ஒரு சுற்றுலாப் பேருந்து வளைவில் திரும்ப முடியாமல் நின்றது. அதன் ஓட்டுநர் தலையை நீட்டி, “மாநாட்ட மேல போயி நடத்துங்கப்பா, வெள்ளனே கெளம்புன சனம் பசியில கெடக்கு,” என்றார். பேருந்தின் சன்னல்களில் முகங்கள் நிறைந்திருந்தன. நான் சரியென்று தலையசைத்தேன். கடைக்காரர் துண்டை நனைத்து, கரையை உள்ளே மடித்து, ஒரு குழந்தைக்குத் தலை துவட்டும் அக்கறையோடு பம்பின் மேல் சுற்றினார். எஞ்சின் பிடித்துக்கொண்டது.

நான்கைந்து வளைவுகள் ஏறியிருப்போம். மீண்டும் நின்றது.

இம்முறை பூண்டுக்காரர் ஓடியே வந்தார். அவருடைய முகத்தில் அத்தனை மகிழ்ச்சியை, பூண்டுக்கு நல்ல விலை கிடைத்த நாளில்கூட நான் பார்த்ததில்லை. “அந்தத் துண்டுக்கு இருக்குற தெம்பு அம்புட்டுத்தாங்க ஐயா,” என்று சொல்லிக்கொண்டே தம் துண்டை ஜீப்பின் தண்ணீர்க் கேனில் முக்கி, பழைய துண்டின் மேலேயே போர்த்தினார்.

“அதென்னலே மேல போடுற?” என்றார் கடைக்காரர்.

“ஆளுறவுக மேலதான் இருப்பாகண்ணே.”

“இருக்கட்டும், இருக்கட்டும். கீழ கெடக்குறதுதான் வேல பாக்குது. பம்பத் தொட்டுக்கிட்டிருக்கது எந்துண்டு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. பானட்டுக்குள் குனிந்து எதையோ சரிபார்ப்பதுபோல் நின்று, அது அடங்கிய பின்பு நிமிர்ந்தேன்.

அதன் பிறகு கார் நிற்கவில்லை. வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்தது. பெருமாள்மலை வந்ததும், ஓரமாக நிறுத்தி இரண்டு துண்டுகளையும் உருவிவிடலாமா என்று நினைத்தது உண்மை. நிறுத்தினால் மறுபடி பிடிக்குமோ பிடிக்காதோ. அதோடு, முன்னேயும் பின்னேயும் அவ்விரண்டு துண்டுகளின் உடைமைக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். முன்னே போகும் ஜீப்பின் கண்ணாடியில் ஒரு சோடிக் கண்கள் என் பானட்டை விட்டு அகலவே இல்லை.

புல்வெளியில் மற்ற வண்டிகள் ஏற்கெனவே வந்து நின்றிருந்தன. இரண்டு அணிகளாகவே நின்றிருந்தன என்பதைக் கவனித்தேன். நடுவில் ஒரு மாட்டு வண்டி போகுமளவு இடைவெளி. நான் அந்த இடைவெளியில் நிறுத்தி, டை முடிச்சைச் சரிசெய்துகொண்டு இறங்கி, வழக்கப்படி ஒதுங்கி நின்றேன். அம்மையார் கைப்பேசியோடு வந்தார்.

“சார், உங்க காருக்கு இன்ஸ்பெக்‌ஷனே வேண்டாம். ஃபார்மாலிட்டிக்குத்தான்,” என்று சொல்லிக்கொண்டே பானட்டைத் தூக்கினார்.

ஆவி எழுந்தது. எல்லோரும் நெருங்கி வந்தார்கள். பம்பின் மேல் இரண்டு துண்டுகளும் ஒன்றையொன்று இறுகக் கட்டிக்கொண்டு வெந்துகொண்டிருந்தன. கொதியில் இரண்டின் சாயமும் இறங்கி, ஒன்றில் ஒன்று ஊறி, எந்தக் கட்சியும் தேர்தலில் பயன்படுத்தத் துணியாத ஒரு நிறமாகியிருந்தது. அம்மையார் அதை உற்றுப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னே வெறுந்தோள்களோடு நின்ற இருவரையும் பார்த்தார்.

“இது என்ன சார், கூட்டணி ஆட்சியா?”

இரண்டு அணிகளும் ஒரே நேரத்தில் சிரித்தன. அந்தச் சிரிப்பில் முதலில் உட்கார்ந்தவர் பூண்டுக்காரர். அவரைத் தூக்கிவிடக் குனிந்து, தாமும் உட்கார்ந்தவர் கடைக்காரர். படம் குழுவுக்குப் போய்விட்டது. எல்லோருடைய சட்டைப்பைகளிலும் கைப்பேசிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூவின.

மதிய உணவின்போது குழுவைப் பிரிக்கும் பேச்சை எடுக்க இருவருக்கும் நேரமில்லை. ஒரு மேசையில் கடைக்காரர், தம் துண்டு இல்லாவிட்டால் அந்தக் கார் முதல் வளைவிலேயே வேர்விட்டிருக்கும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். அடுத்த மேசையில் பூண்டுக்காரர், அந்தத் துண்டின் ஆயுள் நான்கு வளைவுகள் என்று விளக்கிக்கொண்டிருந்தார். எதிராளி இல்லாத இடத்தில் கதை எடுபடாது என்பதால், பாயசம் வருவதற்குள் இருவரும் ஒரே மேசைக்கு வந்து, ஒருவர் கதைக்கு மற்றவர் சாட்சியானார்கள். எவரோ ஓர் இளைஞர், மேலிருந்த துண்டுக்கு நான் முக்கியத்துவம் தந்துவிட்டதாகச் சொல்லிப் பார்த்தார். “அடுக்குன சோலி எங்களோடது. ஐயா தொடவே இல்ல,” என்று இருவரும் ஒரே குரலில் அவரை அடக்கினார்கள்.

பிறகு, பழைய தீர்ப்பைக் கேட்டார்கள். எத்தனாலா, இல்லையா? இனியும் மறுப்பது மரியாதையன்று. நான் எழுந்து, என் பழைய அறிக்கைகளின் நடையிலேயே சொன்னேன்: “வாகனம் நின்றதற்குக் காரணம், வெப்பம். வெப்பத்துக்குக் காரணம், சித்திரை. வாகனம் மலையேறியது இரண்டு துண்டுகளால். எந்தத் துண்டின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய இயலவில்லை.”

“சர்வேயர் புத்தி,” என்றார் கடைக்காரர். “நழுவிட்டாருய்யா,” என்றார் பூண்டுக்காரர். ஆனால், கைதட்டலைத் தொடங்கியவர்களும் அவர்களே.

குழு இன்னும் ஒன்றாகத்தான் இருக்கிறது. டயரில் தொடங்கும் பேச்சு டெல்லிக்குப் போகாத நாளில்லை. அம்மையார் அந்தப் படத்தையே குழுவின் முகப்பில் வைத்துவிட்டார்; அதை மாற்றும் அதிகாரம் நிர்வாகியாகிய எனக்கு உண்டு, மாற்றவில்லை. துண்டுகளை நானே துவைத்து, இஸ்திரி போட்டு எடுத்துச் சென்றேன். இருவரும் வாங்க மறுத்தார்கள். அந்த நிறத்தைத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போனால் சொந்தக் கட்சியே உள்ளே விடாது என்றார்கள்.

இந்த ஆண்டு மலையேற்றத்துக்கு நான் பழனி அடிவாரத்தில் வந்து நின்றதும், இருவரும் என் காரின் இரு பக்கமும் குனிந்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

“ஐயா, துண்டு ரெண்டும் வண்டிலதானே கெடக்கு?”

நனைத்தே வைத்திருந்தேன்.