கிளட்வின் துரையின் பூட்டப்பிள்ளை

டுசல்டோர்ஃபில் எந்த அரசாங்கக் கந்தோரிலும் ஞானசுந்தரத்தாரை ஒரே தடவையில் பேர் சொல்லிக் கூப்பிட்ட ஆள் கிடையாது. "ஹெர் க்னா... க்னாசு..." என்று இழுத்து, கடைசியில் கையைக் காட்டி "நீங்கள்தான்" என்று முடிப்பார்கள். தொலைபேசி என்றால் அதைவிடக் கொடுமை. ஜெர்மன்காரர் சொல்லுகிற மாதிரி "குஸ்ராவ், நோர்ட்போல், அன்ரன்" என்று பதின்மூன்று எழுத்தையும் ஒவ்வொன்றாகச் சொல்லி முடிக்க, அந்தப் பக்கத்து ஆள் "இன்னொருக்கால் சொல்லுங்கோ" என்பார். முதியோர் இல்லத்துச் சமையலறையில் பதினேழு வருடமாக வேலை, அங்கேயும் அவர் வெறும் "நானா"தான். மனுசனுக்கு விசர் வராமல் வேறென்ன வரும்?

இவ்வளவுக்கும் அவருடைய முழுப்பேர் எட்வேட் கிளட்வின் ஞானசுந்தரம். எண்பத்தைந்தில் அகதியாக வந்து இறங்கியபோது, படிவம் நிரப்பின அதிகாரி கடைசியில் நின்ற சொல்லைக் குடும்பப்பெயர் என்று எழுதிவிட்டான். எட்வேட் கிளட்வின் என்பது பூட்டனின் பேர். பூட்டன் இங்கிலாந்திலிருந்து வந்த வெள்ளைக்காரத் துரை, யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் பெண் எடுத்தவர் என்று தகப்பன் சொல்லுவார். வீட்டுப் பழைய பைபிளின் முதல் பக்கத்தில் "எட்வேட் கிளட்வின், டர்பிஷயர்" என்று மையால் எழுதியும் கிடந்தது. வேறென்ன சாட்சி வேணும்?

மனைவி ரஞ்சினிக்கு வேணுமாயிருந்தது. இரண்டாயிரத்து ஏழில் குடும்பத்துக்குப் பிரஜாவுரிமை கிடைத்து, பெயரைச் சீர்செய்யலாம், எது குடும்பப்பெயர் என்று நீங்களே சொல்லலாம் என்று கடிதம் வந்தது. அடுத்த மார்ச்சில் ரெர்மின், கந்தோருக்கு நேரில் போகவேண்டிய நாள். ஒருக்கால் எழுதினால் எழுதினதுதான், பிறகு மாற்ற ஏலாது. ஞானசுந்தரத்தார் துள்ளிக் குதித்தார். மனைவி அசையவில்லை.

"ஆரெண்டே தெரியாத ஒருத்தன்ர பேரை நானும் பிள்ளையும் காவ ஏலாது. அந்தாள் உங்கட ஆள்தான் எண்டு ஒரு கடதாசித் துண்டு காட்டுங்கோ, நான் கையெழுத்து வைக்கிறன்."

"பைபிள் கிடக்கெல்லோ?"

"பைபிளிலை பேர்தான் கிடக்கு. ஆள் கிடக்கேல்லை."

அன்றைக்குத் தொடங்கினது பிடிவாதம். வேலை முடிய நூலகத்துக் கணினிக்கு முன்னால் போய்க் குந்துவார். இங்கிலாந்துக்காரன் பத்து வருடத்துக்கு ஒருக்கால் வீடுவீடாக எடுத்த குடிசன மதிப்பு முழுக்க இணையத்தில் வந்திருந்தது. ஆளைப் பிடிப்பது சின்ன வேலை என்றுதான் நினைத்தார். ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தொன்றில் இருந்து அறுபத்தொன்றில் காணாமல் போன எட்வேட் கிளட்வின் எவனோ, அவன்தான் கப்பலேறி யாழ்ப்பாணம் வந்தவன். இதுதான் அவருடைய கணக்கு.

கோதாரி, அந்த டர்பிஷயரில் தடக்கி விழுந்தால் ஒரு எட்வேட் கிளட்வின்! நாற்பத்தொன்றாம் ஆண்டு எழுதினவன் பெரியாட்களின் வயதை ஐந்தைந்தாகக் குறைத்துப் போட்டிருந்தான். இருபத்தொன்பது வயதுக்காரனும் இருபத்தைந்து, இருபத்தாறு வயதுக்காரனும் இருபத்தைந்து. அடுத்த தடவை எழுதினவன் கிளட்வினைக் கிளைடன் என்று கிறுக்கியிருந்தான். கோயில் பதிவுகளைப் பார்த்தால், ஒரு எட்வேட் ஞானஸ்நானம் எடுத்து மூன்றாம் நாள் அடக்கம். இன்னொருத்தன் அறுபத்தொன்றில் இல்லை என்று கண்டு, நூலகமென்றும் பாராமல் மேசையில் ஓங்கித் தட்டினார். அந்தச் சந்தோசம் ஒரு கிழமைகூட நிலைக்கவில்லை. பக்கத்து மாவட்டத்தில் மச்சான் வீட்டில் போய் நின்ற நாளில் அவனைக் குடிசன மதிப்புக்காரன் எழுதியிருந்தான்.

"மச்சான் வீட்டை போறதுக்கு இவனுக்கு வேறை நாள் கிடைக்கேல்லையே!" என்று வீட்டுக்கு வந்து கத்தினார். ரஞ்சினி சோற்றைப் போட்டுக்கொண்டு சிரித்தாள்.

தமிழ்க்கடை இன்னாசித்தம்பி வேறு விடுகிறானில்லை. "என்ன துரை, கத்தரிக்காய் வேணுமோ, இல்லாட்டி லண்டனுக்கு ஓடர் குடுக்கவோ?" என்பான். கடையில் நிற்கிற சனம் முழுக்கச் சிரிக்கும். இரண்டு வாரம் அந்தக் கடைப்பக்கமே போகாமல், ரஞ்சினியை அனுப்பினார்.

மார்கழிக்குள் எல்லாரையும் வெட்டி, ஒருத்தன் மிஞ்சினான். வண்டிச்சில்லு செய்கிற தச்சன் எட்வேட் கிளட்வின். நாற்பத்தொன்றில் அதே கிராமம், ஐம்பத்தொன்றில் அதே வீடு, அறுபத்தொன்றில் அதே வீடு, எழுபத்தொன்று, எண்பத்தொன்று... பெண்சாதி செத்தும், கிழவனாகியும் அந்த வீட்டைவிட்டு அரக்கவேயில்லை! எண்பத்தாறில் அந்த ஊர்க் கோயிலிலேயே அடக்கம். கடலைக்கூடக் கண்டிருக்கமாட்டான். ஞானசுந்தரத்தாருக்கு அழுகை வந்தது. கடைசி முயற்சியாக அந்தக் கோயிலுக்கே ஒரு கடிதம் எழுதிப் போட்டார்.

மாசி நடுவில் பதில் வந்தது. கோயிலின் பழைய கடதாசிகளைப் பார்க்கிற பிளோறன்ஸ் என்ற அம்மா அன்பாகத்தான் எழுதியிருந்தா. தச்சனுக்குப் பிள்ளைகள் இல்லையாம். யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளியில் ஒரு பிள்ளையின் படிப்புக்கு வருடாவருடம் உதவினவராம். உதவுகிறவரின் பேரையே அந்தப் பிள்ளைக்கு வைப்பது அந்தப் பள்ளியின் வழக்கமாம். மிஷன் அனுப்பின அறிக்கையின் நகல் ஒன்றும் கூட இருந்தது. அதில் ஒரே ஒரு வரி: "எட்வேட் கிளட்வின், கோப்பாய், வயது ஒன்பது, கமக்காரன் மகன், இவ்வருடம் ஞானஸ்நானம் பெற்றான், பைபிள் கொடுக்கப்பட்டது."

ஞானசுந்தரத்தார் அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தார். துரையுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. பூட்டன் கோப்பாயில் வயல் உழுத கமக்காரனின் பிள்ளை. அந்தப் பிள்ளைக்குத் தாய்தகப்பன் வைத்த பேர் எங்கே? தாளைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் வெறுமை. ஆனாலும் மனுசனின் வீம்பைப் பாருங்கோ, கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, ரஞ்சினி சமைத்துக்கொண்டு நின்ற குசினிக்குள் போனார்.

"துண்டு கிடைச்சிட்டுது. ஆள் எங்கட ஆள்தான்."

ரஞ்சினி அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். "அப்ப சரி" என்றாள். காட்டுங்கோ என்று கேட்கக்கூட இல்லை. கேட்டிருந்தால் அவருக்கு இவ்வளவு குத்தியிருக்காது.

ரெர்மின் நாள் மூன்று பேரும் கந்தோருக்குப் போனார்கள். ஃபிறவ் கெஸ்லர் என்ற அதிகாரி படிவத்தில் "கிளட்வின்" என்று தட்டிவிட்டு, "சின்னப் பேர், வசதி" என்று சிரித்தா. ரஞ்சினி பேனையை எடுத்தாள். அதிகாரி மறித்து, மகள் சாரங்காவின் பக்கம் திரும்பினா.

"உங்களுக்குப் பதினேழு வயது. பதினாலு கடந்த பிள்ளைக்காகப் பெற்றோர் சொல்ல முடியாது, நீங்களேதான் சொல்லவேணும். கிளட்வின் என்ற பேர் உங்களுக்குச் சம்மதமா?"

சாரங்கா தகப்பனைப் பார்த்துத் தமிழில் சொன்னாள். "அப்பா, நீங்கள் இவ்வளவு பாடுபட்டபடியால் நான் ஓம் எண்டு சொல்லுறன். ஆனா எனக்கு ஞானசுந்தரம் எண்டுற பேர்தான் விருப்பம். என்னை நீங்கள் ஒரு நாளும் கேக்கேல்லையே."

ஞானசுந்தரத்தாருக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஒரு வருடமாகச் செத்த வெள்ளைக்காரர் எல்லாரையும் விசாரித்தவர், வீட்டிலிருந்த பிள்ளையை விசாரிக்கவில்லை. சட்டைப்பைக்குள் கைவிட்டுக் கடிதத்தை எடுத்து ரஞ்சினிக்கு முன்னால் வைத்தார்.

"நான் பொய் சொன்னனான். வாசியும்."

ரஞ்சினி வாசித்தாள். அவர் ஏச்சுக்குக் காத்திருந்தார். அவள் ஏசவில்லை.

"அப்ப இந்தப் பிள்ளையின்ர சொந்தப் பேர் என்னப்பா?"

"எழுதேல்லை."

"ஒரு இடத்திலையும்?"

"ஒரு இடத்திலையும் இல்லை."

அவர் ஃபிறவ் கெஸ்லரிடம் மன்னிப்புக் கேட்டு, கிளட்வினை அழித்து ஞானசுந்தரம் என்றே எழுதச் சொன்னார். மூன்று பேரும் கையெழுத்து வைத்தார்கள்.

வெளியே வந்து ட்ராமுக்குக் காத்து நிற்கையில் அவருக்குக் கோபம் திரும்பவும் ஏறியது. தச்சனோடு இல்லை, அந்த அறிக்கை எழுதினவனோடு.

"ஊரை எழுதியிருக்கிறான், வயதை எழுதியிருக்கிறான், தகப்பன்ர தொழிலை எழுதியிருக்கிறான்" என்றார். "ஒன்பது வயதுப் பெடியன். முன்னாலைதானே நிண்டவன்? கேட்டிருந்தாச் சொல்லியிருப்பான்."